பா-217 மறுபடியும் வந்தது

மட்டாஞ்சேரி
6-6-1988, திங்கள்

தங்கையா அவர்களுக்கு,

போனில் சொல்லலாம் என்றால், அந்தப் போன் கம்ப்யூட்டருக்கு மட்டும்தான், மனுஷர்கள் பேசக்கூடாது என்று வைத்தீஸ்வரன் மாமா உத்தரவு போட்டிருக்கிறார். முதலாளி சொன்னால் சொன்னதுதான். அதனால் கடிதம்.

முதல் விஷயம். ப்ளாப்பி உறையின் மேல் ‘சீதாலக்ஷ்மி சேச்சிக்கு’ என்று எழுதியிருந்தீர்கள். ஆபீஸ் பதிவேட்டில் பார்த்தேன். நீங்கள் என்னைவிட மூன்று வயது மூத்தவர். சேச்சி வேண்டாம்.

இரண்டாவது விஷயம். சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு உங்கள் பாலக்காட்டுக் கம்ப்யூட்டர் பெட்டியிலிருந்து ஜாதகங்கள் வந்துகொண்டிருந்தபோது நாற்பத்தொன்றாவதில் லைன் அறுந்தது. மழை, யாரையும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் மறுபடி கிடைத்ததும் ஒன்றிலிருந்து தொடங்கிவிட்டீர்கள். இங்கே நாற்பத்தொரு பேர் இரட்டையாகப் பிறந்திருக்கிறார்கள். ஒவ்வொருவராகத் தேடி எடுத்து இடுப்பு ஒடிந்தது. இனிமேல் விட்ட இடத்திலிருந்து தொடங்கவும்.

நீங்கள் புதிதாக வந்தவர் என்பதால் ஒருமுறை எழுதிவிடுகிறேன். இங்கே ஒரு பெட்டி, அங்கே ஒரு பெட்டி. இரண்டிலும் ஒரே ஜாதகங்கள் இருக்க வேண்டும். தினமும் காலையில் இரண்டும் போன் வழியாகப் பேசிக்கொள்ளும். உங்களிடம் இருந்து என்னிடம் இல்லாதது புதிது என்று அர்த்தம், நான் சேர்த்துக்கொள்வேன். என்னிடம் இருந்து உங்களிடம் இல்லாததும் அப்படியே. புரோகிராம் நான் எழுதியது. இரண்டு மாதமாக ஓடுகிறது, ஒரு குறையும் இல்லை.

மூன்றாவது, பா-217, நாராயணன் என்கிற நாணு, கல்பாத்தி. அந்த வரன் இனி வேண்டாம். போன வாரம் இரண்டு தடவை அழித்தேன். இரண்டு தடவையும் மறுநாள் காலையில் உங்களிடமிருந்து திரும்பி வந்துவிட்டது. நீங்களும் அழித்துவிடுங்கள்.

சீதாலக்ஷ்மி


பாலக்காடு
11-6-1988

சீதாலக்ஷ்மி அவர்களுக்கு,

சேச்சி என்று எழுதியது மரியாதைக்கு. கொச்சிக்காரன் வாயில் அது தானாக வரும். இனி எழுதவில்லை.

பா-217ஐ வியாழக்கிழமை அழித்தேன். வெள்ளிக்கிழமை காலையில் உங்கள் பெட்டியிலிருந்து எனக்கு வந்துவிட்டது. நீங்கள் அழித்தால் நான் அனுப்புகிறேன், நான் அழித்தால் நீங்கள் அனுப்புகிறீர்கள். குறை ஒன்றும் இல்லாத புரோகிராம் என்று எழுதியிருந்தீர்கள், அதனால் நான் ஒன்றும் சொல்லவில்லை.

நான் எழுத வந்தது அதுவல்ல. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மார்க்கெட்டில் நீலாம்பாள் மாமியைப் பார்த்தேன். நாணுவின் அம்மா. ஏப்ரலில் இந்தக் கிளை திறந்த அன்று முதல் ஜாதகத்தோடு வந்தவர். ‘என் பையன் ஏலூரில் உரக் கம்பெனியில் வேலை, நல்ல குட்டியாப் பாரு’ என்று எனக்குப் பழம் தந்தவர். உங்கள் கடிதத்தில் ‘வரன் இனி வேண்டாம்’ என்று இருந்தது. வரன் வேண்டாம் என்றால் வரன் அமைந்துவிட்டது என்றுதானே அர்த்தம்? நான் நேரே போய், சிரித்துக்கொண்டே, "மாமி, நாணு சாருக்கு கல்யாணம் ஒறப்பிச்சாச்சு அல்லே? சந்தோஷம்! எங்களைக் கூப்பிடாம இருந்துடாதீங்க" என்றேன்.

மாமி என்னைப் பார்த்தார். "ம்" என்றார். எடுத்த புடலங்காயைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

காய்கறிக் கடை சரோஜம்மா என்னைக் கடைக்குள் இழுத்து, "எடோ, நினக்கு கண்ணு தெரியாதா? அந்தப் பையன் மஞ்சக்காமாலையில செத்து ஒரு மாசமாச்சு" என்றாள்.

ஒரு மாதம். இங்கே எனக்கு யாரும் சொல்லவில்லை. அங்கே உங்களுக்குத் தெரியும், மாமாவுக்குத் தெரியும். மூன்று விஷயம் எழுதினீர்கள், சேச்சி என்று எழுதியதற்கு ஒரு பத்தி எழுதினீர்கள். செத்துவிட்டார் என்று ஒரு வார்த்தை எழுதக் கை வரவில்லையா?

எங்கள் வீட்டில் ஒருவர் செத்தால் செத்தார் என்றுதான் சொல்வோம். என் அம்மா காளியம்மை அழுதால் தெருமுனை வரைக்கும் கேட்கும். உங்கள் பெட்டியில் எங்கள் ஆட்களின் ஜாதகம் ஒன்றுகூடக் கிடையாது, அதனால் உங்கள் வழக்கம் எனக்குத் தெரியாமல் போயிற்று.

தங்கையா


மட்டாஞ்சேரி
16-6-1988

தங்கையா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிட்டியது. நடந்தது எனக்கும் வருத்தம்தான். ஆனால் எழுதக் கை வரவில்லையா என்று நீங்கள் கேட்டிருக்க வேண்டாம்.

இங்கே வழக்கம் இது. கம்ப்யூட்டருக்கு முன்னால், ஜாதகங்கள் கார்டில் இருந்த காலத்திலிருந்தே, இப்படி ஏதாவது ஆனால் மாமா அந்தக் கார்டை மட்டும் எடுத்து மடித்து, படகுத்துறை வரைக்கும் நடந்து போய்க் காயல் தண்ணீரில் விட்டுவிட்டு வருவார். யாரிடமும் சொல்லமாட்டார். கார்டில் சிவப்பு மை கிடையாது, குறிப்பு கிடையாது. "மங்களம் நடக்கற எடமாக்கும் இது. அந்த வார்த்தையை இங்கே எழுதப்படாது, சொல்லவும்படாது. பேசாம எடுத்துடு" என்பார். பாலக்காட்டிலிருந்து அவருடைய மருமான் வந்து சொன்ன அன்று, என் மேஜைக்கு வந்து எண்ணை மட்டும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வைத்துவிட்டுப் போனார். எனக்குப் புரிந்தது. உங்களுக்கும் புரியும் என்று நினைத்தது என் தப்பு.

இனி வேலை. இரண்டு பேரும் ஒரே நாளில் அழிப்போம் என்று தந்தி கொடுத்தேன் அல்லவா? செவ்வாய்க்கிழமை லைன் முடிந்ததும் நானும் அழித்தேன், நீங்களும் அழித்திருப்பீர்கள். புதன்கிழமை காலையில் வரவில்லை. அப்பாடா என்றிருந்தேன். மத்தியானம் திருச்சூர் கிளையின் ப்ளாப்பி பஸ்ஸில் வந்தது. அங்கே போனில் அனுப்ப வசதி இல்லை, வாரம் ஒருமுறை கண்டக்டர் கையில் கொடுத்துவிடுவார்கள். ப்ளாப்பியைப் போட்டேன். ‘புதிய வரன்: 1’ என்று காட்டியது. பா-217.

இதை மறைக்கக்கூடாது என்பதால் எழுதுகிறேன். திங்கட்கிழமை தோறும் பொருத்தம் பார்க்கிற புரோகிராம் ஓடும். பொருந்துகிற இரண்டு வீட்டுக்கும் லெட்டர் அச்சடிக்கும். நான் உறையில் போட்டு அனுப்புவேன், எண்பது தொண்ணூறு லெட்டர், பெயர் பார்ப்பதில்லை. நேற்று பழைய பட்டியலை எடுத்துப் பார்த்தேன். போன ஒரு மாதத்துத் திங்கட்கிழமைகளில் நாணுவின் பேருக்கு நாலு லெட்டர் போயிருக்கிறது. நாலு பெண் வீட்டுக்கும் அவர் விலாசம் போயிருக்கிறது.

மாமியின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். நான் இங்கிருந்து வர முடியாது. நீங்கள் போவீர்களா?

சீதாலக்ஷ்மி


பாலக்காடு
22-6-1988

சீதாலக்ஷ்மி அவர்களுக்கு,

போனேன். நேற்று போனேன், இன்றைக்கும் போனேன். எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

மாமி தனியாக இருக்கிறார். வீட்டுக்காரர் பல வருஷம் முன்னாலேயே போய்விட்டாராம், நாணு ஒரே பிள்ளை. என்னை உள்ளே கூப்பிட்டுக் காப்பி கொடுத்தார். மார்க்கெட்டில் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டேன். "உனக்குத் தெரிஞ்சிருக்காது, போட்டும்" என்றார். லெட்டர்களைப் பற்றிச் சொன்னேன். கம்ப்யூட்டரில் ஒரு பிசகு, அழிக்க அழிக்கத் திரும்பி வருகிறது, எப்படியாவது சரி செய்துவிடுவோம் என்று.

மாமி எழுந்து போய்ப் பஞ்சாங்கத்தை எடுத்து வந்தார். நாலு லெட்டரும் அதற்குள் இருந்தன. ஒன்றை எடுத்து நீட்டினார். "இந்தத் திருச்சூர்க் குட்டி காமாக்ஷி, அனுஷம். நாணுவுக்கு நன்னாப் பொருந்தறது. நான் பதில் போட்டாச்சு. பையனுக்கு லீவு கிட்டலை, ஆடி கழிஞ்சு ஆவணியில வாங்கோன்னு."

மாமி என் முகத்தைப் பார்த்துவிட்டார்.

"பைத்தியம்னு நினைக்காதே, தங்கையா. நாணு போனது எனக்குத் தெரியும். நானாக்கும் அவன் வாயில அரிசி போட்டது. ஆனா கேட்டுக்கோ. அவன் போனதுலேர்ந்து இந்தத் தெருவுல ஒருத்தரும் அவன் பேரைச் சொல்றதில்லை. என் எதிர்ல சொன்னா நான் அழுதுடுவேன்னு பயம். சொந்த அக்கா வரா, மழையைப் பத்திப் பேசறா, போறா. புதன்கிழமை தபால்காரன் மட்டும் வாசல்ல நின்னுண்டு ‘நாணு சாருக்கு லெட்டர்’னு உரக்கக் கூப்பிடறான். புதுசா வந்தவன், அவனுக்கு ஒண்ணும் தெரியாது. அதைக் கேக்கத்தான் நான் வாரம் பூரா இருக்கேன்."

பிறகு கேட்டார்: "அழிச்சா திரும்பி வரானா?"

"ஆமாம் மாமி. அதுதான் கொழப்பம்."

"அப்போ அழிச்சிண்டே இருங்கோ."

படித்த படிப்பில் இதற்கு இடமில்லை. பாதிக் காப்பியை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். இன்றைக்குப் புதன்கிழமை. தபால்காரன் வரும் நேரத்துக்கு மறுபடி போனேன். லெட்டர் வந்தது, ஐந்தாவது. அவன் கூப்பிட்டதையும் கேட்டேன், மாமி வாசலுக்கு வந்ததையும் பார்த்தேன். உங்கள் மேல் இருந்த கோபமெல்லாம் அதோடு போயிற்று. கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது?

ஆனால் திருச்சூரில் ஒரு பெண் ஆவணிக்காக உட்கார்ந்திருக்கிறாள். அது நம்மால் வந்தது. நான் இனி அழிக்கப்போவதில்லை. அழித்து ஒன்றும் நடக்காது. வேறு வழி செய்ய உங்களால் முடியும், புரோகிராம் உங்களுடையது.

தங்கையா


மட்டாஞ்சேரி
27-6-1988, திங்கள்

தங்கையா,

உங்கள் கடிதத்தை மூன்று நாளாகப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன். போன திங்கட்கிழமை அவசரத்தில் பார்க்க விட்டுப்போயிற்று, இன்றைய லெட்டர்களைப் பெயர் பார்த்துத்தான் உறையில் போட்டேன். நாணுவின் பேருக்கு ஒன்று இருந்தது. அதை அனுப்பவில்லை. அனுப்பாததும் தப்பு போலத்தான் இருக்கிறது. மாமிக்கு இந்தப் புதன்கிழமை என்ன ஆகும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

தப்பு புரோகிராமில் இருக்கிறது, அதாவது என்னிடம். ஒரு பெட்டியில் ஒருவர் இல்லை என்றால் அவர் இன்னும் வந்து சேரவில்லை என்று மட்டும்தான் அதற்கு நான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். இருந்து போனவர் என்று ஒருவர் இருக்க முடியும் என்பதே அதற்குத் தெரியாது. தெரியவேண்டுமானால் எழுத வேண்டும். இல்லாததைப் போன் வழியாக அனுப்ப முடியாது. எழுதியதைத்தான் அனுப்பலாம். அழித்த இடத்தில் எழுதியிருந்தால் ஒரே நாளில் மூன்று பெட்டிக்கும் சேதி போயிருக்கும்.

மாமாவிடம் போய்க் கேட்டேன், ஒவ்வொரு வரனுக்கும் ‘நிலை’ என்று ஒரு கட்டம் வைக்கலாமா என்று. தேடுகிறார், அமைந்தது, விலகினார், நாலாவதாக அது. நாலாவதைச் சொல்லி முடிக்கவிடவில்லை. "என் கம்ப்யூட்டர்ல சாவு எழுதறதுக்கா உனக்கு நான் உத்தியோகம் தந்தேன்?" என்று கேட்டார். அவர் வாயிலிருந்து நான் அந்த வார்த்தையைக் கேட்டது அன்றைக்குத்தான்.

நான் ஏன் முதலில் உங்களுக்கு எழுதவில்லை என்று கேட்டீர்கள். என் வீட்டுக்காரர் போய் ஆறு வருஷம் ஆகிறது. மாமாதான் கூப்பிட்டு வேலை கொடுத்தார், அதை நான் மறக்கமாட்டேன். ஆனால் வரன் பார்க்க வருகிறவர்கள் கண்ணில் படக்கூடாது என்று பின்னறையில்தான் என் மேஜை. நான் காலையில் வருவதும் பின்வாசல் வழியாக. அந்த அறைக்குக் கம்ப்யூட்டர் வந்தது என் அதிர்ஷ்டம். இப்படி ஆறு வருஷம் இருந்தால் யாரும் எழுதச் சொல்லாமலே சில வார்த்தைகள் கையை விட்டுப் போய்விடும்.

கட்டத்தை வைத்துவிட்டேன். மாமாவிடம் சொல்லவில்லை. வேலை போனால் போகட்டும். புது புரோகிராம் உள்ள ப்ளாப்பி இத்துடன் இருக்கிறது. இன்னொன்று திருச்சூருக்குப் போகிறது. நாலாவது நிலைக்கு ‘காலமானார்’ என்று பெயர் வைத்திருக்கிறேன், பக்கத்தில் தேதி. ஒரு பெட்டியில் எழுதினால் போதும், மற்ற பெட்டிகளில் என்ன இருந்தாலும் அதுவே வெல்லும். லைன் அறுந்தால் எத்தனை கிட்டியது என்று என் பெட்டி உங்களுக்குச் சொல்லும், அங்கிருந்து தொடங்கலாம். நாற்பத்தொரு இரட்டைப் பிறவிகள் இனி இல்லை.

ஆனால் பா-217க்கு நான் எழுதமாட்டேன். நீங்களும் மாமியைக் கேட்காமல் எழுதவேண்டாம். காமாக்ஷிக்கு இருபத்தேழு வயது. பதினொரு வரன் தட்டிப்போயிருக்கிறது, எங்கள் பட்டியலில் இருக்கிறது. இதை மாமியிடம் சொல்லுங்கள்.

சீதாலக்ஷ்மி


பாலக்காடு
9-7-1988

சீதாலக்ஷ்மி,

எழுதியாகிவிட்டது. உங்களுக்கு வந்து சேர்ந்தது என்று பெட்டி காட்டியது, ஆனாலும் விவரம் எழுதுகிறேன்.

மாமி முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. லெட்டர் வராத அந்தப் புதன்கிழமை வாசலிலேயே நின்றிருக்கிறார். தபால்காரன் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டான். நான் போனபோது என்னோடு பேசவே இல்லை. மறுநாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் காமாக்ஷியைப் பற்றிச் சொன்னேன். இருபத்தேழு, பதினொன்று தட்டிப்போயிற்று, ஆவணி வரை காத்திருக்கிறார்கள் என்று.

"அவாளுக்கு வேற வரன் ஒண்ணும் வரலையோ?"

"ஒண்ணு வந்திருக்கு மாமி, கோயமுத்தூர்லேர்ந்து. நாணு சாரைப் பார்த்துட்டுத்தான் பதில் சொல்வோம்னு நிறுத்தி வெச்சிருக்காங்க."

மாமி எழுந்து போய்ப் பேனா எடுத்து வந்தார். பிறகு தபால் கார்டு கேட்டார். காமாக்ஷியின் அப்பாவுக்கு அவரே எழுதினார். மூன்று வரி. என்ன எழுதினார் என்று நான் பார்க்கவில்லை. எழுதி முடித்ததும், "உங்க கம்ப்யூட்டர்லயும் நான்தான் எழுதணும். வேற யாரும் எழுதப்படாது" என்றார்.

வியாழக்கிழமை காலை ஐந்தரைக்கு ஈரப் புடவையோடு வந்துவிட்டார். கல்பாத்தி ஆற்றில் குளித்துவிட்டு அப்படியே. கட்டத்தைத் திறந்து வைத்தேன். எந்தக் கட்டையைத் தட்டவேண்டும் என்று காட்டினேன். நாலு. பிறகு தேதி: 9-5-1988. தேதிக்கு நடுவில் விரல் இரண்டு தடவை நின்றது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஆறு மணிக்கு லைன் போட்டேன். பதிமூன்றாவதில் அறுந்தது. மறுபடி போட்டேன், மழை, இரைச்சல்தான் கேட்டது. மூன்றாம் தடவை கிட்டியபோது ஏழு மணி. பதினாலிலிருந்து தொடங்கியது, நீங்கள் எழுதியது சரியாக வேலை செய்கிறது. பா-217 போய், உங்கள் பெட்டியிலிருந்து ‘கிட்டியது’ என்று வந்ததும் மாமியிடம் சொன்னேன்.

"மூணு எடத்துலயும் இனி ஒண்ணுபோல இருக்குமோ?" என்று கேட்டார்.

"திருச்சூருக்கு மட்டும் பஸ்ல போகணும் மாமி. புதன்கிழமைக்குள்ள ஆயிடும்."

தலையாட்டினார். படி இறங்கும்போதுதான் அழுதார். சத்தமாகவே அழுதார். நான் கூடப் போய்ப் பஸ் ஏற்றிவிட்டேன். எனக்கும் என்னவோ போலிருந்தது. நாம் செய்தது சரிதான். ஆனால் அவருக்கு இருந்த ஒன்றையும் நாம்தான் எடுத்தோம்.

தங்கையா


மட்டாஞ்சேரி
23-7-1988

தங்கையா,

பா-217 ஒரே ஒரு தடவைதான் வந்தது, மாமி எழுதியபடி. திருச்சூர் ப்ளாப்பி இரண்டு வாரமாகச் சுத்தமாக இருக்கிறது. காமாக்ஷிக்குக் கோயமுத்தூர் வரன் பேச்சு நடக்கிறது.

மாமா பார்த்துவிட்டார். மாசப் பட்டியல் அச்சடிக்கும்போது பின்னால் வந்து நின்றிருக்கிறார், எனக்குத் தெரியாது. "இது யார் எழுதினது?" என்றார். "அவா அம்மா" என்றேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் ஒரு துண்டுக் காகிதத்தை மேஜையில் வைத்துவிட்டுப் போனார். இரண்டு எண்கள் இருந்தன. முன்பெல்லாம் எண் மட்டும்தான் இருக்கும். இந்தத் தடவை பக்கத்தில் தேதியும் போட்டிருந்தார். வேலை போகவில்லை என்று அர்த்தம்.

இன்னொன்று. உங்கள் கடைசி வரியைப் படித்த அன்று திங்கட்கிழமை. லெட்டர்களையெல்லாம் உறையில் போட்டு முடித்த பிறகு ஒரு இன்லண்ட் எடுத்தேன். நான் யார், என் வீட்டுக்காரர் செத்து ஆறு வருஷம் ஆகிறது, அவர் பெயர் கிருஷ்ணமூர்த்தி, அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லி எவ்வளவு நாளாயிற்று என்று மாமிக்கு எழுதினேன். நாணுவைப் பற்றிக் கேட்டேன். என்ன சாப்பிடுவார், எதற்குக் கோபம் வரும் என்று. விலாசத்தில் வெறுமே நீலாம்பாள் என்று எழுதாமல், ‘நாணுவின் அம்மா நீலாம்பாள்’ என்று மலையாளத்தில் பெரிதாக எழுதினேன்.

நேற்று பதில் வந்தது. நாலு பக்கம். புதன்கிழமை தபால்காரன் வாசலில் நின்று விலாசத்தை முழுக்கப் படித்துத்தான் கூப்பிட்டானாம். அடுத்ததையும் திங்கட்கிழமையே போடச் சொல்லியிருக்கிறார்.

சீதாலக்ஷ்மி